எச்சில் துண்டு

"ரெண்டு நாள் அந்த மாத்திரைய நிறுத்துனா குடியா முழுகிடும்?" என்று அம்மா சீறினாள். "சம்பந்தம் பேச வர்றவங்க முன்னாடி உங்கண்ணன் எச்சில் ஒழுக நிக்கணுமா?"

பிரிக்காத மாத்திரை அட்டையோடு சின்னவள் திகைத்து நின்றாள். கண்ணாடிக் கடையில் பிறர் பார்வைக்கு லென்சு பொருத்துகிறவள், தன் வீட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை.

அண்ணன் காதில் ஓயாமல் திட்டும் குரல்களை முன்பு கொடுத்த எந்த மருந்தாலும் அடக்க முடியவில்லை. கடைசியாகக் கொடுத்த இதுதான் அடக்கியது. கூடவே எச்சிலையும் ஒழுகவிட்டது. இந்த மருந்தைத் தொடர்வதற்காக மாதாமாதம் ரத்தப் பரிசோதனை வரிசையில் கால்கடுக்க நின்றவள் இவள். இடையில் குரல்கள் திரும்பின. "பிடிவாதமான நோய்மா, இன்னொரு மருந்தும் சேத்துப் பாப்போம்" என்றார் டாக்டர். சேர்த்த பிறகு அண்ணனுக்குக் கைநடுக்கமும் வந்தது.

"இதுக்கு முன்னாடியும் நிறுத்தியிருக்கியாம்மா?"

"ஆளுங்க வரும்போது மட்டுந்தான்டி. போனதும் குடுத்துடுவேனே! எல்லாம் உனக்காகத்தானே?"

குரல்கள் ஏன் திரும்பின என்று சின்னவளுக்கு இப்போது புரிந்தது. ஊர்வாயை மூட உலைமூடி தேடிய வீடு, பிள்ளையின் மருந்தில் கைவைத்திருக்கிறது. பிடிவாதம் நோய்க்கா, இந்த வீட்டுக்கா?

"எச்சில தொடச்சுக்கலாம்மா," என்றான் மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன், காதைப் பொத்தியபடி. "இந்தக் குரல எப்படித் தொடைக்கிறது?"

அவள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். விட்ட மருந்தை நீங்களாகத் தொடங்காதீர்கள், உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். அண்ணனுக்குச் செருப்பு மாட்டிவிடும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

"இது யாரு?" என்றாள் மாப்பிள்ளையின் தாய், படியேறிக்கொண்டே.

"தூரத்துச் சொந்தம்," என்றாள் அம்மா.

அண்ணன் தலை குனிந்தான். சின்னவள் அவன் கையை இறுகப் பிடித்தாள்.

"என் கூடப்பொறந்த அண்ணன். மனநோய்க்கு வைத்தியம் பாக்குறோம். இப்போ ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்."

வந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்தா ஒண்ணும் தெரியலையே!"

"தெரியக் கூடாதுன்னுதான் மருந்த நிறுத்திட்டாங்க. உக்காருங்க, நாங்க வர நேரமாகும்."

கொடியில் சேலைக்கு அடியில் கிடந்த எச்சில் துண்டை எடுத்தாள். அம்மா எப்போதும் ஒளித்து வைக்கும் துண்டு அது. எல்லோரும் பார்க்க அதை அண்ணன் தோளில் போட்டு, அவனோடு படியிறங்கினாள்.