மெழுகுதிரிக்குக் காவல்

மரத்தேவாலயத்தின் வாசற்படியில் வைத்துக் கனகேஸ்வரி மாமி கைப்பையிலிருந்து கற்பூரப் பெட்டியை எடுத்தபோது எனக்கு உயிர் போய் வந்தது. எண்ணூறு வருசத்து மரம். வெயிலுக்கு மேற்பூச்சுத் தார் இளகி மணந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மூன்று பேருந்து நிறைய வந்திறங்கிய சனம். நானோ கட்டடங்களுக்கு நெருப்பு எச்சரிக்கைக் கருவி பூட்டுகிறவன்.

"மாமி, இஞ்சை கொளுத்தேலாது!"

"ஒரு கட்டிதானே மனே."

"அரைக் கட்டியும் ஏலாது. இந்தக் கூரைக்குள்ளை மெல்லிய குழாயள் ஓடுது. அதிலை ஊசித் துளையள். நாள் முழுக்கக் காத்தை உறிஞ்சி மணந்து பாத்துக்கொண்டிருக்கும். துளி புகை போனாலும்..."

"அப்ப அந்தப் புல்லுல?"

"வெய்யில் காலத்திலை மரங்களுக்குக் கிட்ட நெருப்பு மூட்டத் தடை. ஏனெண்டால்..."

"உங்கட ஊர்ல சாமி கும்பிடவும் சட்டம் பாக்கணும்" என்று பெட்டியை மூடினார். "மணி என்ன?"

"பதினொண்டு பத்து."

ஐந்து நிமிடத்துக்கு முன்பும் கேட்டிருந்தார்.

மாமியின் ஒரே மகள் தனுசியா. என் தம்பி பிரசாந்தனின் மனைவி. முதல்நாள் மாலையிலிருந்து அவளுக்குப் பிரசவ வலி. அதற்காகவே மாமி மட்டக்களப்பிலிருந்து நோர்வேக்கு வந்திருந்தார். ஆனால் கட்டிலருகே நின்று அவர் அழுத அழுகையில், காலையில் தனுசியாவே என்னை அழைத்தாள். "அத்தான், அம்மாவ எங்கயாவது சுத்திக் காட்டக் கூட்டிப் போங்க. அவ அழ அழ எனக்கு நோ கூடுது." தமிழ்க் கோயில் மாலையில்தான் திறக்கும். ஏதாவதொரு வழிபாட்டு இடமென்றால்தான் மாமி மருத்துவமனை வாசலைத் தாண்டுவார். அதனால்தான் முப்பத்தொரு பாகை வெயிலில் இந்தச் சுற்றுலா. புறப்படும்போது மருத்துவர் சொன்னது எங்கள் இரண்டு பேருடைய தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது: இரண்டு மணி வரை பார்ப்போம், இல்லாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

படகில் நகரத்துக்குத் திரும்பும்போது, அந்த மரத்தேவாலயத்தின் தூண்கள் ஏன் உக்கவில்லை என்று விளக்கினேன். நிலத்தில் நடாமல், கல்லின் மேல் மரச் சட்டம் போட்டு, அதன் மேல் நிறுத்தியிருக்கிறார்கள், ஈரம் ஏறாது. மாமி என் சட்டைப்பையில் இருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகர நடுவில் இருந்த பெரிய தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்ற இடம் இருந்தது. இரும்பு வளையங்களால் பூமி உருண்டைபோல் செய்து, வளையம் முழுக்கச் சிறு கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். ஒரு சொகுசுக் கப்பல் கூட்டமே உள்ளே நின்றது. மாமி ஒரு மெல்லிய திரியை எடுத்து, கண்ணை மூடி, ஏற்றி வைத்தார். ஒன்று பத்து.

"சரி மாமி, வெளியிலை போய் ஏதும் குடிப்பம்."

"முடியட்டும்."

"இது கற்பூரமில்லை. முடிய ஒரு மணித்தியாலம் செல்லும்."

"கற்பூரம் எண்டா ஒண்டும் மிச்சமில்லாமப் போகும். நேத்திக்கடன் முடிஞ்சிதெண்டு தெரியும். இத நடுவில ஆரும் அணைச்சாங்களெண்டா..."

அவர் பயந்தது சரிதான். கூட்டத்துக்கு இடம் போதாமல், தேவாலயத்துப் பெண் ஒருத்தி தகர டப்பாவோடு வந்து பாதி எரிந்த திரிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். எங்களுடையதற்குக் கிட்ட வந்ததும் மாமி குறுக்கே கையை நீட்டினார். நான் நோர்வே மொழியில் விசயத்தைச் சொன்னேன். மகள், வலி, இரண்டு மணி. அவள் மாமியின் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு திரியை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடுங்கினாள்.

ஆனால் வெக்கையும் பக்கத்துச் சுடர்களும் சேர்ந்து மெழுகை இளக்கின. திரி மெல்லச் சாயத் தொடங்கியது. மாமி இரண்டு விரலால் அதை நிமிர்த்திப் பிடித்தார். உருகிய மெழுகு நகத்தில் வழிந்தது.

"சுடும் மாமி!"

"அவளுக்கு நோகிறத விடவா? மணி என்ன?"

"ஒண்டு அம்பது."

அப்போதுதான் என் நெஞ்சில் தொலைபேசி அதிர்ந்தது. உள்ளே அதில் பேசக்கூடாது. மாமி திரியை விட மாட்டார். நான் மட்டும் வெளியே ஓடினேன். படியில் நின்று தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பினால், வாசலில் குடை பிடித்த வழிகாட்டியும் அவருக்குப் பின்னால் நாற்பது பேரும். இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மாமி, முதலிலை பன்னிரண்டரைக்கு ஒரு மருந்து ஏத்திப் பாத்திருக்கினம், அது எப்பிடி வேலை செய்யுமெண்டால்..."

"மனே! முடிவச் சொல்லு!"

"பொம்பிளைப் பிள்ளை. வெட்டேல்லை. ரெண்டு பேரும் சுகம்."

மாமி மற்றக் கையால் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டார். "அழுதிச்சா?"

"ஆர், தனுசியாவோ?"

"பிள்ளைடா, பிள்ளை!"

"ஓம். ஃபோனிலை எனக்கே கேட்டது. வாங்கோ, டாக்சி பிடிப்பம்."

"இன்னும் ரெண்டு விரற்கடை திரி இரிக்கி."

"அதுதான் பிறந்திட்டுதே, மாமி!"

"கேக்குமட்டும் நிண்டுட்டு, கிடைச்ச உடன ஓடுறதா?"

இப்போது என் கால்தான் நிலத்தில் நிற்கவில்லை. இந்த நேரத்துக்கு டாக்சி கிடைக்குமா, பிள்ளையின் நிறை என்ன, ஏன் இதையெல்லாம் தம்பியிடம் கேட்காமல் விட்டேன்? மாமி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"துடிக்காம நில்லு. காலையிலருந்து என்னத்தையோ விளங்கப்படுத்திட்டு வந்தாயே. இது எப்பிடி எரியுதெண்டு சொல்லு, கேப்பம்."

சொன்னேன். எரிவது மெழுகு இல்லை. அது உருகி, நூல் வழியே மேலே ஏறி, சூட்டில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது.

"அப்ப கற்பூரம் மாதிரித்தான்" என்றார் மாமி.

நான் அப்படி யோசித்ததே இல்லை. "ஓம் மாமி. அதுவும் ஆவிதான்."

விரலை எடுத்துவிட்டார். குட்டையாகிப்போன திரி இனிச் சாய இடமில்லாமல் நேராக நின்று, கிண்ணத்தின் அடிவரை எரிந்து முடிந்தது. மெல்லிய புகையொன்று எழுந்தது. நான் பழக்கத்தில் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். மாமி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார்.

"வா மனே, டாக்சி!"