ஒன்றே முக்கால் மணி நேரம்

பூந்தமல்லியில் வக்கீல் தினகரனின் மாடி அறையில் அந்த வெள்ளிக்கிழமை நாலு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் வக்கீல். இரு தரப்புக்கும் பொதுவாக இருந்து பேசி முடிக்க ஒப்புக்கொண்டவர். அவருக்கு வலப்பக்கம், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு லாவண்யா. கதவோர நாற்காலியில், எந்த நிமிடமும் எழுந்து போய்விடுபவனைப் போல அவள் கணவன் ஜெகன். இருவருக்கும் நடுவே, மின்விசிறிக்கு நேர் கீழே, ஜெகனின் அப்பா ஜானகிராமன், மூடி கழற்றிய பேனாவோடு.

லாவண்யாவுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. ஆறு வயது திவ்யாவை உடன் அழைத்துப்போக ஜெகன் சம்மதிக்க வேண்டும்.

“தொள்ளாயிரத்துப் பத்து கிலோமீட்டர். ஃபிளைட்ல ஒண்ணே முக்கா மணி நேரம்.” போனை மேசைமேல் தள்ளினாள். “மாசம் ரெண்டு தபா வந்து பாக்கட்டும். யாரு தடுக்கறா?”

“ஃபிளைட்டு இன்னா, எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்குமா?” என்றான் ஜெகன்.

ஜானகிராமன் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தார். ஆவடி தொழிற்சாலையில், எந்தச் சரக்கு எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது போய்ச் சேர்ந்தது என்று முப்பது வருடம் எழுதிய கை அது. நசரத்பேட்டை வீட்டிலிருந்து விமான நிலையம் ஒன்றரை மணி. அங்கே காத்திருப்பு இரண்டு. பறப்பது ஒன்றே முக்கால். பெட்டி வந்து சேர அரை. அங்கிருந்து புனேயில் அவள் வீட்டுக்கு ஒன்றரை.

“ஆக, ஏழே கால் மணி நேரம்.”

ஜெகன் தொடையில் தட்டிச் சிரித்தான். “எங்க நைனாகிட்ட வச்சிக்காத.”

அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து ஆவடிக்கு, லாவண்யாவின் அம்மா வீட்டுக்குப் போவார். படியில் உட்கார்ந்திருக்கும் திவ்யாவின் பென்சில்களை எல்லாம் சீவிக் கொடுத்துவிட்டு வருவார். விமானத்தில் ஏறியறியாதவர். இந்தக் காகிதம் ஜெயித்தால்தான் அவருக்குச் சனிக்கிழமை உண்டு.

“மாமா, இன்னொண்ணும் எழுதுங்க. நசரத்பேட்டைலேர்ந்து ஆவடிக்கு எவ்ளோ நேரம்?”

“பைக்குல முப்பத்தஞ்சு நிமிஷம்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“பதினாலு மாசமா எங்கம்மா ஊட்ல கீறேன். ஒங்க புள்ள எத்தினி தபா வந்தாரு?”

“நீ கதவத் தொறந்தாதான?” என்று எகிறினான் ஜெகன்.

“தொறந்தேனே, மூணு தபா. கடைசி தபா வண்டியக்கூட ஆஃப் பண்ல. கொழந்த கவுன் மாத்திகினு வரதுக்குள்ள கெளம்பியாச்சு.”

“ஆட்சேபணைய எழுத்துல குடுங்க,” என்றார் வக்கீல். “திங்கக்கிழமை பாத்துட்டு முடிவு சொல்றேன்.”

மறுநாள் காலை ஜானகிராமன் ஐந்து வரிகளையும் வரிசை எண் போட்டு எழுதினார். பழைய டைரியைப் புரட்டி, ஜெகன் ஆவடி போன தேதிகளைச் சரிபார்த்துவிட்டு, ஆறாவதையும் எழுதினார்: நசரத்பேட்டை–ஆவடி, முப்பத்தைந்து நிமிடம். பதினான்கு மாதத்தில் மூன்று முறை.

ஜெகன் படித்தான். “யாரு கட்சி நைனா நீ? அந்த லைன அடி.”

“அடிச்சா, பக்கத்துல கையெழுத்துப் போடணும். போடறியா?”

காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே விட்டெறிந்துவிட்டு வெளியே போனான். பைக் உதைபடும் சத்தம் கேட்டது.

பூந்தமல்லி தபால் ஆபீஸில் பசையைத் தடவி, உறையின் ஓரத்தை விரலால் மூன்று தரம் அழுத்தினார். முகவரியைப் பார்த்த கவுண்டர் பெண் நிமிர்ந்தாள். “இது பக்கத்துத் தெருதான் சார், நடந்தா ரெண்டு நிமிஷம். தபால்ல போட்டா ஊரெல்லாம் சுத்திகினு திங்கக்கிழமைதான் வரும்.”

“வரட்டும்மா. கைல வச்சிருந்தா ஒரு வரிய அடிச்சிடுவேன்.”

முத்திரை விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் எறிந்தாள். வெளியே ஆவடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.