நாளுக்கு நான்கு விரற்கடை

தையற்காரியின் வீடு, அவ்வாண்டுக் கோடை கழிந்தபின், நாளொன்றுக்கு நான்கு விரற்கடை வீதம் நெடுஞ்சாலையை நோக்கி நகரத் தொடங்கியது. சுவரில் விரிசல் இல்லை, ஓடு சரியவில்லை, அடுப்பில் இருந்த பால்கூடத் தளும்பவில்லை. பின்வாசலுக்கு ஏழடியில் இருந்த கிணறு ஒரே மாதத்தில் பதினான்கு அடிக்குப் போய்விடவே, குடம் சுமந்த அவளுடைய இடுப்புத்தான் செய்தியை முதலில் அறிந்தது. சாலைக்கு அப்பால், சற்றே மேட்டில், ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. எரிபொருள் தீர்ந்த வண்டியைப் போல, வீடு அதையே குறிவைத்துச் சென்றது. அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் குழாய்நீர். கிணற்றுநீரைக் குடித்ததும், அதிலேயே சுண்ணாம்பு கரைத்துச் சுவருக்கு அடித்ததும் அவள் ஒருத்தியே. ஊரார் இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டனர். "விலாசம் மாறுனா எழுதிக் குடுக்கணும்மா" என்றார் தபால்காரர். "விலாசம் அப்படியேதாங்க இருக்கு, வீடுதான் மாறுது" என்றாள் அவள்.

அவளுடைய தம்பி அரசுச் சோதனைக்கூடத்தில் நிலத்தடி நீரைச் சோதிப்பவன். பங்கின் நிலத்தடித் தொட்டிகள் கசியவில்லை என்பதற்கு அதே கிணற்றில் நீரெடுத்துச் சான்று எழுதியவனும் அவனே. அந்தச் சான்று சட்டமிடப்பட்டு பங்க் முதலாளியின் தலைக்கு மேல் தொங்கியது. அந்த நீரெடுப்பில் ஒரு முறைமை உண்டு. கட்டைவிரல் பருமனுள்ள கண்ணாடிக் குப்பியில் விளிம்பைத் தாண்டி நீர் குமிழ்ந்து நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்க்க வேண்டும். கடுகளவு காற்று இருந்தாலும் கொட்டிவிட்டு மீண்டும் பிடிக்க வேண்டும். பெட்ரோலின் ஆவி நீரைவிட்டுக் காற்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சான்றுக்கு நீரெடுத்த அன்று, "சாப்பாடு ஆறுதுடா, அந்தச் சீசாவ அப்புறம் கொஞ்சிக்கலாம்" என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். குப்பிக்குள் பட்டாணியளவு குமிழி ஒன்று உருண்டதை அவன் கண்டான். கண்டும், பெட்டியில் வைத்தான். "கண்டறியப்படவில்லை" என்று தாள் வந்தது. தாள் வந்தபின் அவன் மூக்கை நம்பவில்லை. தண்ணீரில் ஏதோ வாடை என்று அக்கா இரண்டாண்டுகளாகச் சொல்லியும் நம்பவில்லை.

நான்கு மாதத்தில் வீடு முப்பதடி நகர்ந்துவிட்டது. சாலைக்கு இன்னும் முப்பதடி இருந்தது. அந்தச் சாலையில் லாரிகள் நிமிடத்துக்கு ஆறு. தம்பி வாசற்படியிலிருந்து நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"அளந்து அளந்து என்னடா பண்ணப் போற? சட்டையா தைக்கப் போற?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நாள் எங்க வீட்டுக்கு வந்துடுக்கா."

"நான் வந்துடுவேன். இது கேக்குமா? லாரி வந்து மோதுனா, தண்ணி சுத்தம்னு எழுதுன தாளக் காட்டுவியா?"

அவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டான். சான்று பெற்ற இடத்தில் மூன்றாண்டுகளுக்கு மறுசோதனை கூடாது என்பது விதி. எடுத்த நீர் பிழையானது என்று எடுத்தவனே எழுதிக் கொடுத்தாலன்றி அவ்விதி தளராது. குமிழியைக் கண்டவனோ உலகில் அவன் ஒருவனே.

மறுநாள் காலை எழுதிக் கொடுத்தான். ஒரே வாக்கியம்: "குமிழி இருந்தது; நான் பார்த்தேன்." மேலதிகாரி அதை மும்முறை படித்தார். வீடு நகர்வதை அவர் பொருட்படுத்தவில்லை. அது கட்டடத் துறையின் பாடு என்றார். குமிழிக்கு மட்டும் வெகுண்டார். "இத்துனூண்டு காத்துக்கு யாருய்யா கடுதாசி எழுதுவா?" என்று கத்தினார். தம்பியின் கையெழுத்துரிமையைப் பறித்து, குப்பி கழுவும் தொட்டியடிக்கு அனுப்பினார். பிழை செய்தபோது கேளாதவர்கள், உண்மை சொன்னபோது தண்டித்தார்கள். அலுவலகங்களின் நீதி அதுவே, சொல்லவும் நாக் கூசுகிறது. ஆயினும் விதி தளர்ந்தது. புதிதாக எடுத்த நீரில், குடிக்கத் தகும் அளவைப்போல நூற்று நாற்பது மடங்கு பெட்ரோல் இருந்தது. தொட்டியைத் தோண்டி எடுத்தபோது, அடியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. முதலாளி சான்றைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் நாட்காட்டியை மாட்டினார்.

நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வதற்கான கோப்பு மேசை மேசையாக ஊர்ந்து முடிய மூன்று மாதம். வீடு அதைவிட விரைவாகவே ஊர்ந்தது. அந்நீரை இறைக்கும் பம்பு ஓடத் தொடங்கிய அன்று சாலைக்கு எஞ்சியது ஏழரை அடி. சாலையின் இருபுறமும் ஆழ்துளைகள் இட்டு, அடிநீரை மேலே இழுத்து, உயர்ந்த கோபுரத்தில் துளித்துளியாக இறக்கி, கீழிருந்து காற்றை ஊதி ஆவியை ஓட்டி, எஞ்சியதைக் கரி அடைத்த பீப்பாய்களில் வடிகட்டினார்கள். ஒரு மாதத்தில் வீட்டின் நடை ஒரு விரற்கடைக்குத் தணிந்தது. மறுமாதம் ஒரு நகக்கண். அதன்பின் நாடாவுக்குத் தட்டுப்படாத அளவு. தம்பி பகலெல்லாம் குப்பி கழுவிவிட்டு, நாள்தோறும் மாலையில் வந்து அளந்தான். அக்கா வாங்கிவந்த தண்ணீரைக் குடித்தாள். அவனோடு அளவாகப் பேசினாள். ஐந்தாம் ஆண்டில் கிணற்றுநீர் மூன்று முறை தொடர்ந்து சுத்தம் என்று வந்தது. வாசற்படி சாலையோர வெள்ளைக்கோட்டை மிதித்தபடி நின்றது, நின்றது நின்றதுதான். லாரிகள் தாமாகவே ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டன.

சாலைத்துறையிலிருந்து பெயிண்டர் ஒருவர் வாளியோடு வந்தார். படியைச் சுற்றிக் கோட்டை வளைத்துப் போடும்படி அவருக்கு உத்தரவு. அவர் படியையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் நகருமா சார்? நகரும்னா ஒரேயடியா முடிஞ்சப்புறம் வர்றேன்."

"எட்டு மாசமா நகரலை" என்றான் தம்பி. "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். தம்பியை ஒருமுறை பார்த்தாள். பிறகு பெயிண்டரிடம் திரும்பினாள்.

"கோட்ட இன்னும் ஒரு அடி தள்ளிப் போடுப்பா. செருப்பு விட எடம் வேணாமா? என் தம்பி தினம் வர்றவன்."

பெயிண்டர் ஓரடி தள்ளிப் போட்டார். கோடு இன்றும் அவ்விடத்தில் வளைந்தே செல்கிறது.