வண்டிக்குச் சில்லென்று காற்று

"மூச்சு முட்டுது விஜி. பாவம், இன்ஜின் சூட்டுக் காத்தையே திருப்பித் திருப்பி இழுத்துகினு கீது. அதான் இந்தக் குழாய்."

துரை சொன்னது அவன் வண்டியைப் பற்றி. முன் பம்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் குழாயை வளைத்து வளைத்து ஃபில்டர் பெட்டிவரை கொண்டுபோனான். வெளிக்காற்று சூடேறாமல் நேரே இன்ஜினுக்குள் போக வேண்டுமாம். போகிற வழியில் சூடாகிவிடுமே என்று குழாய்க்கு மேல் வெள்ளி டேப் வேறு சுற்றினான்.

விஜயகுமாரி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கேளம்பாக்கத்துச் சித்திரை வெயில், தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட், உள்ளே ஃபேன் செத்துக் கிடந்தது.

"அதுக்குச் சட்டை வேறயா? எனக்கு மூச்சு முட்றது உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"நீ இன்னா, நூறுல ஓடப் போறியா?"

தெருவே சிரித்தது. அவளுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய் நின்றுவிட்டது.

கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை முடித்து வந்தால் துரை நேரே பானெட்டைத்தான் திறப்பான். சோற்றுத் தட்டையும் அங்கேயே கேட்பான். வண்டி தொலைந்தால்தான் புருஷன் வீட்டுக்குள் வருவான் என்று முடிவு கட்டி, திருப்போரூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த அண்ணன் கலையரசனிடம் போனாள்.

"அந்தச் சனியனை எவன் தலையிலயாவது கட்டி வுடுண்ணா."

"அவன் விக்கறதா? உன்னைக் கேட்டாக்கூடக் குடுத்துடுவான்."

"கெட்டுப்போச்சுன்னு நெனச்சான்னா?"

அதுவரை அவளை நிற்கவைத்தே பேசிக்கொண்டிருந்த கலையரசன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "குந்து. கிழிஞ்ச துணி எதுனா கீதா? குழாய் வளையற எடத்துல திணிச்சுடு. முழுசா அடைச்சுடாதே, ஸ்டார்ட்டே ஆவாது, தேட ஆரமிச்சுடுவான். கொஞ்சம் காத்து போவட்டும்."

"வெளியூருக்குத்தானே தள்ளுவ?"

"ஆந்திராக்காரன் ஒருத்தன் ரெடியா கீறான். இந்தப் பக்கமே வராது, போ."

பழைய உள்பாவாடை ஒன்றைக் கிழித்துத் திணித்தாள். மறுநாள் மாமல்லபுரம் ரோட்டில் வண்டி கரும்புகை கக்கியபடி ஊர்ந்தது. தாண்டிப்போன ஷேர் ஆட்டோக்காரன், "அண்ணாத்த, எறங்கி நடந்தா சீக்கிரம் போவலாம்!" என்று கத்திவிட்டுப் போனான்.

அன்று துரை வீட்டுக்குள் வந்தான். அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான்.

"நாந்தான் கெடுத்துட்டேன் விஜி. குழாய்மேல கைய வெச்சிருக்கவே கூடாது."

"வுடுய்யா, வண்டிதானே" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவன் அழ அழ அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

கலையரசன் வந்து பானெட்டைத் திறந்து உச்சுக் கொட்டினான். "இன்ஜின் போச்சு மாப்ள. இரும்பு வெலைக்குத் தரியா, எடுத்துக்கறேன்." துரை சாவியை நீட்டினான்.

அந்த வாரமே ஒரு காலையில் வாசலில் ஹாரன் அடித்தது. அதே வண்டி. புகையில்லை, இருமலில்லை. கலையரசன் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"ஆந்திரான்னு சொன்னியேண்ணா!"

"சொன்னேன். ஓட்டிப் பாத்தேன், குடுக்க மனசு வரல. மாமல்லபுரம் ரிசார்ட்டுங்களுக்கு வாடகைக்கு வுடப் போறேன்." டாஷ்போர்டிலிருந்து துணியை எடுத்துத் தெருவுக்கே தெரியும்படி தூக்கிப் பிடித்தான். "மாப்ள, வண்டிக்கு வந்த நோவு இன்னான்னு பாரு. உன் பொண்டாட்டி பாவாடை!"

துரை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். விஜயகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். அறைவான், கத்துவான். எதுவானாலும் அது தனக்காக இருக்குமல்லவா?

"மச்சான், ஓரமெல்லாம் நூல் நூலா பிரிஞ்சி கீதே. ஃபில்டரைக் கழட்டிப் பாத்தியா?"

"இல்லியே."

"பாக்காமயா இம்மாந்தூரம் ஓட்டிகினு வந்த? அறிவு கீதா உனக்கு?"

அவள் கண்ணைத் திறந்தபோது அவன் பானெட்டுக்குள் குனிந்திருந்தான். ஒவ்வொரு நூலாக எடுத்து ஊதினான்.

"டிரைவர் வேணும் மாப்ள" என்றான் கலையரசன். "ராவும் பகலும் ஓட்டணும். தூக்கமெல்லாம் வண்டியிலதான். வூட்டு நெனப்பு வரக்கூடாது."

"நான் வரேன்."

"கல்பாக்கம் வேலை?"

"வுட்டுட்றேன்."

"அப்ப நானு?" என்று விஜயகுமாரி ஓடிப்போய் வண்டிக் கதவைப் பிடித்தாள். துரை அதற்குள் ஸ்டியரிங்கை அந்தத் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணாடிய ஏத்து மாப்ள, ஏசி போடலாம்" என்றான் பக்கத்து சீட்டில் ஏறிய அண்ணன்.

கண்ணாடி ஏறியது. அவள் விரல்கள் அதன் விளிம்பிலேயே இருந்தன. துரை சட்டென்று நிறுத்தினான்.

"கைய எடு விஜி. ரப்பரு கிழிஞ்சுடும்."