யாரும் தண்ணீர் குடிக்காத பஸ்

என் கணவன் இக்னாத் செத்துப்போன செய்தி வந்தபோது நான் இத்தாலியில், பாதுவா நகரில், நான் பார்த்துக்கொள்கிற கிழவி ஓர்னெல்லா அம்மாளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். மகன் மிரோன்தான் போனில் சொன்னான். சரி என்றேன். மீதி மாத்திரையையும் கொடுத்து, கிழவியின் வாயைத் துடைத்துவிட்டு, அவள் மகளை வரச்சொன்னேன். எதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற மனுஷன், சாவை மட்டும் திராட்சைத் தோட்டத்தில் நின்ற நிலையிலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை.

எங்கள் ஊரில் மூன்றாம் நாள் புதைத்துவிட வேண்டும். ஜூலை வெயிலில் அதற்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. நடுப்பகல் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அன்றைக்கே எங்கள் நாட்டுக்கு, மல்தோவாவுக்குப் போகும் சின்ன பஸ்ஸில் இடம் பிடித்தேன். ஓட்டுநர் விட்டாலி துக்கத்துக்கு என் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான். பிறகு வண்டியில் இருந்த எல்லோருக்கும் உரக்கச் சொன்னான். டீசலுக்கும் எல்லைக்கும் தவிர எங்கேயும் நிறுத்தப் போவதில்லை என்றான்.

பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பஸ்களில் பெண்கள் எப்போதுமே தொண்டை நனைகிற அளவுக்குத்தான் குடிப்பார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க வேண்டுமென்றால் ஓட்டுநரிடம் பல்லைக் காட்ட வேண்டும். இந்தத் தடவை அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிட்டார்கள். மூடி திறக்காத பாட்டில்கள் காலடியில் உருண்டுகொண்டிருந்தன. ஏசி வேலை செய்யவில்லை. காற்று பட்டால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று ஜன்னலையும் திறக்க விடவில்லை. இத்தாலிக்காரர் வீடுகளில் அடுத்தவர் உடம்பைப் பார்த்துக்கொண்டு பிழைக்கிற கூட்டம் நாங்கள். சொந்த உடம்பு என்று வந்தால் இந்த லட்சணம்தான். எனக்காகத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

பக்கத்து இருக்கையில் அக்சினியா என்ற பெண். முன்பின் தெரியாதவள். வெரோனாவில் வீட்டு வேலை, ஊரில் வீட்டுக் கூரையை மாற்றப் போகிறாள். ஸ்லோவேனியா வரைக்கும் கூரைத் தகடு பச்சையா சிவப்பா என்று பேசிக்கொண்டே வந்தாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. துக்கக்காரியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்திருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஹங்கேரியில் பொழுது விடிந்தது. டீசல் போட நிறுத்தியபோது அக்சினியாவுக்குச் செருப்பு காலில் நுழையவில்லை. இடது கெண்டைக்கால் வீங்கி, தோல் மினுமினுத்தது. தொட்டேன், கொதித்தது. பின்சீட்டு தேக்லா வீட்டில் காய்ச்சிய பிராந்தியை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, அழுத்தித் தேய்த்தால் ரத்தம் ஓடிவிடும் என்று குனிந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். பிராந்தி அவள் பாவாடையில் கொட்டியது. ஓர்னெல்லா அம்மாளின் கால் போன வருஷம் இப்படித்தான் ஆனது. ரத்தம் உறைந்திருக்கிறது, தேய்த்தால் பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

"எப்ப இருந்து வலிக்குது?" என்றேன்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து."

"வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ புருஷனப் புதைக்கப் போறே. நான் காலு வலிக்குதுன்னு வண்டிய நிறுத்தச் சொல்லுவேனா?"

விட்டாலி முணுமுணுக்காமல் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினான். அங்கே காலைப் பார்த்ததுமே அவளைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். டாக்டரம்மா போனில் எதையோ தட்டி எங்கள் பாஷையில் காட்டினாள். நான் நினைத்ததுதான், ரத்தக்கட்டு; தண்ணீர் குடிக்காமல் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் வந்தது. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, நாலைந்து நாளாவது இருக்க வேண்டும். எவ்வளவு ஆகும் என்பதையே அக்சினியா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது; எல்லைகளையும் சேர்த்தால் ஊருக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு நாள் ஓட்டம். விட்டாலி வாசலில் நின்று சாவியை உருட்டினான்.

"தோம்னிக்கா அக்கா, இதுக்கு மேல நின்னா அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. இவங்க பாத்துக்குவாங்க. நீங்க ஏறுங்க."

அக்சினியா வீங்கிய காலைக் கட்டிலிலிருந்து கீழே போட்டாள். "அவ ஏறினா நானும் ஏறுவேன். பாஷை தெரியாத ஊர்ல என்னைத் தனியா போட்டுட்டுப் போகாதீங்க."

சொன்னபடி செய்கிறவள்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏறினால் வழியிலேயே செத்துக்கூடப் போகலாம். இக்னாத்துக்கு நான் செய்ய இனி ஒன்றுமில்லை. இவள் கால் இன்னும் சூடாக இருந்தது. என் பையை இறக்கிக் கொண்டுவரும்படி விட்டாலியிடம் சொன்னேன். கொண்டுவந்து என் காலடியில் வைத்தான்.

மிரோனுக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு, "அப்பாவ விட எவளோ ஒருத்தி உனக்கு முக்கியமாப் போயிட்டாளா?" என்றான்.

"அவ உயிரோட இருக்கா, மிரோன்."

போனை வைத்துவிட்டான்.

மறுநாள் நடுப்பகலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிலுவை போட்டுக்கொண்டேன். நர்ஸ் வந்து அக்சினியாவின் வயிற்றில் ஊசி போட்டுவிட்டுப் போனாள். என் புருஷனை இந்த நேரம் குழிக்குள் இறக்குகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். யார் வீட்டுச் சாவோ போல இருந்தது.

"இந்நேரம் மண்ணு போட்டிருப்பாங்க, இல்ல?" என்றாள் அக்சினியா.

"ம்."

"உன் பங்கு மண்ண யாரு போட்டிருப்பா?"

வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு பிடி போட வேண்டும். எனக்கு அது தோன்றவேயில்லை.

சாயங்காலம் மிரோனே கூப்பிட்டான். எல்லாம் முடிந்தது, மழை வரவில்லை, கூட்டம் நிறைய என்றான். என் பங்கு மண்ணை யார் போட்டது என்று கேட்டேன். அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"யாரும் போடல. ஒரு பிடி எடுத்து அப்பா தொப்பியில கட்டி வெச்சிருக்கேன். வந்து நீயே போடு. மொதல்ல அந்த அம்மா எந்திரிக்கட்டும்."

போனை வைத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதுவாவிலிருந்து கிளம்பிய பிறகு நானும் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அக்சினியா தன் மேஜையில் இருந்த ஜாடியை என் பக்கம் தள்ளினாள். ஒரு தம்ளர் ஊற்றிக் குடித்தேன். இன்னொன்று ஊற்றினேன். அது பாதி இருக்கும்போது அழுகை வந்தது.