புல்வெளியில் ஒரு பரிசல்

1

இந்தக் கதை பஸ் ஜன்னலில் பிறந்தது. 2008-இல் மத்திகிரி டவுன் பஸ்ஸில் போகும்போது, பச்சைப் புல்வெளி நடுவே ஒருவர் பரிசல் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். என் கண்ணை நானே நம்பவில்லை. அந்த ஜன்னல் இருக்கையை இப்போது வீரலட்சுமிக்குக் கொடுத்துவிடுகிறேன்.

2

'ஓசூரின் வானம் அன்று...' வேண்டாம். வானத்தில் தொடங்கினால் கதை கீழே இறங்காது.*

வீரலட்சுமி விருதுநகர் பக்கத்துப் பெண். செயற்கைக்கோள் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, 'இது கூரை, இது மரம், இது தண்ணீர்' என்று பழக்குவது அவள் வேலை. பிறகு அதுவே ஊர் முழுவதையும் பிரித்து, ஊர் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று மார்க் போடும். மத்திகிரிப் பக்கம் பச்சைப்பசேலென்று இருந்த ஓர் இடத்தைப் 'புல்வெளி' என்று பழக்கினாள். பச்சை கூடக் கூட மார்க்கும் கூடும்; ஓசூருக்கு நல்ல மார்க். காலி இடமாயிற்றே என்று அங்கே லாரி நிறுத்தவும் யோசனை எழுந்தது.

* ஆனாலும் இது வானத்திலிருந்து பார்க்கிற கதைதான்.

3

பரிசலைப் பார்த்த மறுநாள் காலை மேலாளர் சென்னகிருஷ்ணனிடம் போய் நின்றாள்.

"சார், அது புல்லு இல்ல, ஏரி. ஆகாயத்தாமரை மூடிக் கெடக்கு."

"உனக்குத் தெரியலயாம்மா?"

"எங்க ஊர்ல கம்மாய்னா தண்ணி கெடக்கும், இல்லாட்டி வெடிச்சுக் கெடக்கும். பச்சையாக் கெடந்து பாத்ததில்ல சார்."

"மாத்துனா மார்க்கு எறங்கும். சாயங்காலம் ரிப்போர்ட் போவணும். மார்க்கு பிடிக்காம ஆர்டர் குடுத்தவங்க போயிட்டாங்கன்னா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல."

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். 'மீசையை முறுக்கியபடி அவர்...' மனிதருக்கு மீசையே இல்லை.)

பிறகு திரையில் அந்தப் பச்சையைத் தொட்டுக்காட்டிச் சொன்னார்: "நான் நீச்சல் கத்துக்கிட்டதே அதுலதாம்மா. ஏரின்னே போட்டுப் பாரு."

4

லாரிகள் வரிசையாக நிற்கும் முடிவு ஒன்று எழுதினேன். கிழித்துவிட்டேன். ஆகாயத்தாமரையெல்லாம் அள்ளி, மாலை மரியாதையோடு ஏரியைத் திறக்கும் முடிவும் எழுதினேன். அதை நானே நம்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். 'புல்வெளி'யை அழித்து 'ஏரி' என்று பழக்கினாள். கம்ப்யூட்டர் திரும்பவும் ஊரைப் பிரித்தது. மத்திகிரி நீலமானது. அதோடு நிற்காமல், யாரும் காட்டிக்கொடுக்காத இன்னும் சில பச்சைகளும் நீலமாயின.* மார்க் இறங்கிக்கொண்டே இருந்தது. இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"இத்தனை ஏரியாம்மா நம்ம ஊர்ல!" என்றார் சென்னகிருஷ்ணன்.

 * அவற்றில் ஒன்று முட்டைக்கோஸ் தோட்டம். அதை அவள் சரிசெய்துவிட்டாள்.

5

ரிப்போர்ட் தயார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவள் விரலை அனுப்பும் பொத்தான் மேலேயே விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். மத்திகிரி பஸ் ஏறினால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். அங்கே நிற்பது லாரியா, போவது பரிசலா என்று பார்த்து, கடைசி வரியை நீங்களே