மச்சாளுக்குள் சிவக்கொழுந்து

கலியாணத் தரகர் சந்திரகுமாரின் கொழும்பு வெள்ளவத்தை அலுவலகத்தில் பெரிய ரீவித் திரை ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் குடும்பம் முழுவதும் அதில் விரியும். மென்பொருளை எழுதியவன் நான். அன்று, மகனுக்குப் பெண் தேடி வந்த சிவக்கொழுந்து அம்மாவின் குடும்பம் விரியவில்லை. ரீவி உறைந்து நின்றது.

“பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதுக்குள்ள என்ர குடும்பம் இதில வராட்டி ஒப்பந்தத்தில கையெழுத்து இல்லை. கொட்டாஞ்சேனைத் தரகரிட்டப் போறன்,” என்றார் அம்மா.

“ஐசே, என்னைக் கவிழ்த்துப் போடாதையும்,” என்று சந்திரகுமார் என் காதுக்குள் சொன்னார்.

மென்பொருளை எழுதியபோது நான் சோதித்துப் பார்த்தது என் குடும்பத்தை வைத்து. நான், மனைவி தாரிகா, பிள்ளைகள் இல்லாததால் அந்த இடத்தில் வெறும் அடைப்புக்குறி. தாரிகா போன வருடம் இறந்துவிட்டாள். சட்டென்று அச்சாகி முடிந்தது. பிழை தெரிய அது போதாது.

பைதன் நிரல்மொழியில் தரவு முழுவதையும், ஒருவருக்குள் ஒருவராக, ரீவியிலேயே அச்சிடச் சொன்னேன். ஒவ்வோர் உறவும் ஒரு படி உள்ளே தள்ளி வரும். மகன் பிரசாந். அவனுக்குள் தகப்பன் இரத்தினசிங்கம். அவருக்குள் தங்கை பவளராணி. அவருக்குள் கணவன் செல்வநாதன். அவருக்குள் அக்கா சிவக்கொழுந்து. அவருக்குள் கணவன் இரத்தினசிங்கம். அவருக்குள் தங்கை பவளராணி. பெயர்கள் வலப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து ரீவியை விட்டே வெளியேறின.

“நாங்கள் மாற்றுச் சம்பந்தமெல்லோ,” என்றார் அம்மா. “நான் இவரைக் கட்ட, இவற்ற தங்கச்சி என்ர தம்பியைக் கட்டினவ.”

ஒருமுறை வந்தவரைத் திரும்ப விரிக்காதே, ‘மேலே பார்க்க’ என்று மட்டும் போடு என்றொரு கட்டளை சேர்த்தேன். குடும்பம் விரிந்து நின்றது. சந்திரகுமார் பேனையை நீட்டினார்.

அம்மா வாங்கவில்லை.

“பிரசாந்தின்ர தாய் எண்ட இடத்தில என்ன கிடக்கு? மேலே பார்க்கவோ? பெத்தவள் நான்! மேல பாத்தா மச்சாள் பவளராணி வீட்டுக் குசினிக்குள்ள, அடுப்படியில நிக்கிறன்!”

“அம்மா, அது கொம்பியூட்டர்...”

“கொம்பியூட்டருக்கு மச்சாளே சொல்லிக் குடுத்தவ?”

சந்திரகுமார் மணிக்கூட்டைப் பார்த்தார். தகப்பனுக்கு முன் தாயை எடுக்கும்படி வரிசையை மாற்றினேன். மறுபடி விரிந்தது.

“இப்ப மச்சாள் எங்க, தம்பி?”

“உங்களுக்குள்ள. ரெண்டு படி உள்ளுக்கு.”

“அது சரி. தகப்பன் எண்ட இடத்தில?”

“மேலே பார்க்க.”

“அவர் ஒண்டும் சொல்லமாட்டார். பழகிப்போச்சு,” என்று அம்மா கையெழுத்து வைத்தார்.